திராட்சைக்குத் தடை

ஈஸ்வரி தன் இடது கிட்னியைக் கணவன் காசிமாயனுக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அது அவளுடையதாகவே இருந்தது.

“என் கிட்னிக்குத் தண்ணி குடுத்தீங்களா?” என்று காலையில் கேட்பாள்.

குடுத்தேன் என்பான்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் நிறையச் சொன்னாள். மாத்திரை நேரம் தவறக் கூடாது. வெளிச்சாப்பாடு ஆகாது. தோல் உரித்துத் தின்னும் பழம் நல்லது. கிரேப் ஃப்ரூட் மட்டும் கூடவே கூடாது, மாத்திரையோடு சேராது.

ஈஸ்வரி பன்னிரண்டாவது படித்தவள். கிரேப் என்றால் திராட்சை. ஃப்ரூட் என்றால் பழம்.

போடியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பன்னீர் திராட்சைதான் வாங்கி வருவார்கள். பக்கத்துக் கம்பத்தில் விளைவது. சோலையம்மாள் மதினியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். கேட்டைத் தாண்ட முடியவில்லை.

“எடுத்துக்கிட்டுப் போயிருங்க மதினி.”

“பழந்தானடி?”

“இவருக்கு விஷம்.”

“அப்ப நான் விஷத்தைத் தூக்கிட்டு வந்தேனாக்கும்?”

மதினி பையோடு திரும்பினாள். அப்புறம் வரவேயில்லை.

பாயசத்திலிருந்து உலர்ந்த திராட்சை பொறுக்கி எறியப்பட்டது. திராட்சைக் கொத்துப் படம் போட்ட தட்டு பரணுக்குப் போனது.

“படத்தையுமா திம்பேன்?” என்றான் காசிமாயன்.

“நெனப்பு வரும்ல.”

அவள் தம்பி அழகுராஜாவுக்குக் குரங்கணிக்கு மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டம். ஜீப்பில் இறங்கும்போதெல்லாம் பம்ளிமாஸ் பழம் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் ஒரு குழந்தைத் தலை அளவு.

“ஏலத்துக்குத்தான் மருந்தடிக்கிறோம். இந்த மரத்தை யாரும் தொடுறதில்ல. பயப்படாமத் தின்னுங்க மச்சான்.”

“மாப்ளே, நீதான்டா மனுசன்.”

ஈஸ்வரி கையைக் கழுவி, பழத்தைக் கழுவி, கத்தியைக் கழுவி, தடித்த தோலை உரித்துச் சுளை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் சொன்னபடி. தினமும்.

காசிமாயனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டீ சட்டையில் சிந்தியது.

“என்ன நடுக்கம்?”

“ஒன்னப் பாத்துத்தான்.”

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

“ரத்தத்துல மாத்திரை அளவு எக்கச்சக்கமா இருக்கு. கிரியேட்டினினும் ஏறியிருக்கு. இப்படியே போனா இந்தக் கிட்னியும் கெட்டுரும். மாத்திரை கூடப் போட்டீங்களா?”

ஈஸ்வரி முந்திக்கொண்டாள். “நாந்தான் டாக்டர் எடுத்துக் குடுக்குறேன். ஒண்ணு மாறாது.”

“கிரேப் ஃப்ரூட்?”

“காஞ்சதுகூடக் கிடையாது. தட்டையே பரண்ல போட்டுட்டேன்.”

டாக்டருக்குத் தட்டு விளங்கவில்லை. காய்ந்த கிரேப் ஃப்ரூட்டும் விளங்கவில்லை. போனில் அந்தப் பழத்தின் படத்தைக் காட்டினார். மஞ்சள் தோல். சிவந்த சுளை.

“இது பம்ளிமாசுல்ல?” என்றான் காசிமாயன்.

“அதோட தம்பி. ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். மாத்திரையை ரத்தத்துலயே தேக்கிரும். பம்ளிமாஸ் சாப்பிடுறீங்களா?”

காசிமாயன் தலையாட்டினான்.

“எவ்வளவு?”

“கிண்ணம்,” என்றான். கொஞ்சம் யோசித்து, “பெரிய கிண்ணம்.”

“யாரு கொடுத்தா?”

“கிட்னி குடுத்தவதான்.”

ஈஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளை அழவிட்டு அவனுக்குப் பழக்கமில்லை. “விடு. நல்லா இனிச்சுது,” என்றான்.

டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினார். பம்ளிமாஸ் நின்றது. மறுபடி ரத்தம் எடுத்தபோது எல்லாம் இறங்கியிருந்தது. நடுக்கமும் விட்டது.

“கிட்னி தப்பிச்சிருச்சும்மா,” என்றார் டாக்டர்.

ஈஸ்வரி ஒரு கட்டைப்பையைத் தூக்கி அவர் மேசையில் வைத்தாள்.

“என்ன இது?”

“மலையிலயும் மார்க்கெட்லயும் கிடைக்கிற பழம் பூரா இருக்கு. பேரு வேணாம் டாக்டர். பாத்துச் சொல்லுங்க.”

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கொய்யா, ஆகும். சப்போட்டா, ஆகும். பையின் அடியில் ஐந்து விளிம்போடு ஒரு மஞ்சள் பழம் இருந்தது. அதைத் தனியே தள்ளினார்.

“இது ஸ்டார் ஃப்ரூட். கிட்னிக்காரங்க இதைத் தொடவே கூடாது. எப்படி வந்துச்சு?”

“தம்பி போன வாரம் கொண்டாந்தான்.”

“நான் அதை இன்னும் திங்கல டாக்டர்,” என்றான் காசிமாயன் அவசரமாக.

ஈஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள்.

“இன்னும்னா?”

காசிமாயன் கொய்யாவைக் கையில் எடுத்து, “இது ஆகும்ல டாக்டர்?” என்றான்.