சிவப்பிக்குப் போட்ட கலப்பத்து

விடிந்ததும் யாகோப்பு காருக்கு அடியில் வைத்திருந்த எனாமல் தட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒயில்கூட இல்லை.

"மக்டலீன்! ஓடி வா. நிண்டிட்டுது!"

மக்டலீன் அடுப்படியில் இருந்தபடியே தலையை நீட்டினாள். "ஒரு கிழமையா நான் இருமிறன். அது நிண்டிட்டுதோ எண்டு ஒருக்கால் கேட்டியளே? ஒயில் நிண்டதுக்குக் கூத்தாடுறியள்."

யாகோப்பு சிரித்துக்கொண்டே தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

குருநகர்க் கரையை விட்டு அவர்கள் உரும்பிராய்க்கு இடம்பெயர்ந்து வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. வள்ளமும் வலையும் அங்கேயே போய்விட்டன. கொண்டுவர முடிந்தது சிவப்பியை மட்டும்தான். சிவப்பி என்பது அறுபத்தேழாம் ஆண்டு மினி கூப்பர். வெள்ளைக் கூரை, சிவப்பு உடம்பு. ஒரு காலத்தில் நுவரெலியாவில் நடந்த மலையேற்றக் கார் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். இப்போது அவர்களுக்கு இருக்க இடம் கொடுத்த இளையதம்பியரின் புகையிலைக் கொட்டிலுக்குள் உரமூட்டைகளோடு நிற்கிறாள்.

அந்த நாட்களில் குடாநாட்டுக்குள் பெற்றோலும் வராது, எஞ்சின் ஒயிலும் வராது. கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சிவப்பிக்கும் அதுதான் சாப்பாடு. ஆனால் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேருகிற பொருத்து தேய்ந்துபோய் ஒயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகியதை யாகோப்பு தட்டில் பிடித்து, பழைய வேட்டித் துணியால் வடித்து, திரும்ப ஊற்றுவார். பிடிக்கிற ஒயிலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

இன்றைக்கு அப்படி ஒழுகவிட முடியாது. மக்டலீனின் தமையன் சிமியோன் இன்றைக்குக் கனடாவுக்கு வெளிக்கிடுகிறார். முதலில் கிளாலிக்குப் போய், பொழுதுபடும்போது வள்ளம் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். குடாநாட்டை விட்டு வெளியே போக எடுத்த பாஸ் இன்றைக்கு மட்டும்தான். தவறினால் இன்னொன்று எடுக்கிறது லேசில்லை. எல்லாரும் வாடகைக்கு வான் பிடித்துப் போகச் சொன்னார்கள். சிமியோன் கேட்கவில்லை.

"இந்த மண்ணை விட்டுப் போறதெண்டா சிவப்பியிலைதான் போவன்," என்று ஒரே பிடியாக நின்றார்.

அதனால் யாகோப்பு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பஞ்சுத் திரியைப் பொருத்துக்குள் இறுக்கித் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினார். வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் இடையில் தண்ணீர் வராமல் அடைக்கிற அதே கலப்பத்து. அப்பன் பாட்டன் காலத்துக் கை. ஒரு பொட்டுப் பிசகில்லை.

சிமியோன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். கையில் ஒரு தோல்பை. மக்டலீன் அதற்குள் இரண்டு போத்தல் செக்கு நல்லெண்ணெயைத் துணியில் சுற்றி வைத்தாள். கனடாவில் சிமியோனின் மகள் பெர்னடெட்டுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

"அண்ணை, உடைச்சுப் போடாதேங்கோ. பிள்ளைக்குத் தேய்ச்சு வாக்க. அங்கை உது கிடையாதாம்."

"உன்ரை மனுசன் ஓடுற ஓட்டத்திலை நான் உடையாமல் போனாக் காணும்," என்றார் சிமியோன்.

சேலைன் போத்தலில் சேமித்து வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைச் சொட்டவிட்டு யாகோப்பு எஞ்சினைக் கிளப்பினார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். சிவப்பி இருமி, உதறி, பிறகு பழைய குரலில் உறுமினாள்.

"எப்பிடி நிக்குது?" என்று யாகோப்பு கேட்டார்.

"நிக்குது," என்றார் சிமியோன்.

அது அவர்களுடைய பழைய வழக்கம். ஓட்டத்தில் யாகோப்பு றோட்டைப் பார்ப்பார், சிமியோன் ஒயில் அழுத்தத்தைக் காட்டுகிற முள்ளைப் பார்ப்பார். வளைவுக்கு வளைவு கேள்வியும் பதிலும் நடக்கும். நுவரெலியாவில் பனிப்புகாருக்குள், ஒரு பக்கம் பள்ளம் கிடக்க, சிமியோன் செபமாலை சொல்கிற மாதிரி "நிக்குது, நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வளைவில் அவருக்குக் குரல் அடைத்துப் போனது. பதில் வராததால் யாகோப்பு பயந்துபோய் வேகத்தைக் குறைத்தார். அதனால்தான் இரண்டாமிடம்.

"உன்ரை தொண்டையாலை போன கப்," என்று யாகோப்பு கைதடி தாண்டும்போது ஞாபகப்படுத்தினார்.

"உன்ரை பயத்தாலை போனது, மச்சான். தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடுவம் எண்டு கேட்டனான். விட்டியே?"

சாவகச்சேரிச் சந்தை வந்தது, போனது. இரண்டு பேரும் இருபது வருஷத்துச் சண்டையைத் திரும்பப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொடிகாமம் தாண்டி, இரண்டு பக்கமும் பனைகள் வந்த இடத்தில் யாகோப்பு வழமைபோலக் கேட்டார்.

"எப்பிடி நிக்குது?"

பதில் வரவில்லை.

"மச்சான்?"

"இறங்குது," என்றார் சிமியோன். "நிப்பாட்டு. நிப்பாட்டு!"

ஒரு பனையடியில் நிறுத்தி இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். குங்கிலியம் உருகிச் சீனிப்பாணி மாதிரி வடிந்துகொண்டிருந்தது. பஞ்சுத் திரி வாலாகத் தொங்கியது. அதன் வழியே கறுத்த ஒயில் மணலில் ஒழுகியது. யாகோப்பு ஒயில் அளக்கிற கம்பியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம்.

"மச்சான்," என்றார் சிமியோன், "வள்ளம் கிடக்கிறது குளிர்தண்ணியிலை. எஞ்சின் கிடக்கிறது கொதிப்பிலை. உது உனக்கு நினைவு வரேல்லையே?"

யாகோப்பு தலையில் கைவைத்துக்கொண்டு வரம்பில் இருந்தார். "நேற்று முழுக்க ஒரு சொட்டு விழேல்லை…"

"ஓடாமல் நிண்டா என்னெண்டு விழும்?"

வெயில் சாயத் தொடங்கிவிட்டது. கிளாலிக்கு இன்னும் கொஞ்சத் தூரம். ஆனால் இழுக்கிற காலோடு நடக்கிற தூரமில்லை. அப்போது சனமும் சாமான்களும் நிறைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு ட்ரக்டர் வந்தது. ஓட்டியவன் மெதுவாக்கினான்.

"கிளாலிக்கே, அண்ணை? ஒராளுக்கு இடமிருக்கு. ஏறுங்கோ!"

யாகோப்பு துள்ளி எழுந்தார். "ஏறு மச்சான். பையைத் தா."

சிமியோன் அசையவில்லை. "நீ போ தம்பி. நாங்கள் பின்னாலை வாறம்."

ட்ரக்டர் போனது. யாகோப்பு கோபத்தில் கத்தினார். "விசரே உனக்கு? உன்ரை பாஸ் இண்டைக்கு மட்டும்தானே! பிள்ளை அங்கை பாத்துக்கொண்டிருக்கிறாள்!"

"நான் ஏறிப் போனா முள்ளை ஆர் பாக்கிறது?" என்றார் சிமியோன்.

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து நல்லெண்ணெய்ப் போத்தல்கள் இரண்டையும் பொனற்றின் மேல் வைத்தார்.

யாகோப்பு போத்தல்களையே பார்த்தார். நல்லெண்ணெய் கொஞ்சத் தூரம் காப்பாற்றும். பிறகு சூட்டில் கருகி, பிசின் மாதிரி உள்ளே ஒட்டிப் பிடிக்கும். அதற்குப் பிறகு சிவப்பி பழைய சிவப்பியாக இருக்க மாட்டாள். கழுவி எடுக்க ஒயில் எங்கே கிடைக்கும்? அந்த உறுமலை இன்னொரு தரம் கேட்க முடியாமல் போகலாம்.

"பிள்ளைக்கெண்டு மக்டலீன் தந்தது," என்றார் மெதுவாக.

"பிள்ளை வளரும். வள்ளம் நிக்காது."

யாகோப்பு எழுந்துபோய் ஒயில் மூடியைத் திருகிக் கழற்றினார். "ஊத்து."

ஒரு போத்தலை ஊற்றி ஓடினார்கள். கொஞ்சத் தூரம் போனதும் மற்றதையும் ஊற்றினார்கள். சூடான எஞ்சினில் வடிந்த நல்லெண்ணெய் மணம் றோட்டு முழுக்கப் பரவியது. சைக்கிளில் போனவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனிசி படலையைத் திறந்துகொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பலகாரச் சட்டிக்கு ரயர் பூட்டினமாதிரி இருக்கு," என்று சிமியோன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சிரிக்காதை. முள்ளைப் பார். எப்பிடி நிக்குது?"

"நிக்குது."

"எப்பிடி நிக்குது?"

"நிக்குதடா. போ. நிக்குது, நிக்குது…"

இந்தமுறை கடைசி வளைவு வரைக்கும் அவருடைய குரல் அடைக்கவில்லை.

கிளாலியில் சனம் வரிசையில் நின்றது. வள்ளங்கள் இன்னும் வெளிக்கிடவில்லை. சிமியோன் வெறும் போத்தல்கள் இரண்டையும் துணியில் சுற்றித் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"வெறும் போத்தல் என்னத்துக்கு?"

"பெர்னடெட்டுக்குக் காட்ட வேணும். இல்லாட்டி உன்ரை சிவப்பி குடிச்ச கதையை நம்பமாட்டாள்."

யாகோப்பு அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரிலும் நல்லெண்ணெய் மணத்தது. காலை இழுத்து இழுத்து வரிசைக்குள் போனவர் ஒருதரம் திரும்பிக் கையை உயர்த்தினார். பிறகு தலைகளுக்குள் தெரியவில்லை.

திரும்பும்போது யாகோப்பு மிக மெதுவாக ஓட்டினார். சிவப்பியின் குரல் கரகரத்தது. பனைகள் வந்த இடத்தில், றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எப்பிடி நிக்குது?"

கேட்டபிறகுதான் பக்கத்து சீற்றைப் பார்த்தார். முள்ளையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. அது அடியில் கிடந்தது.

உடனே எஞ்சினை நிறுத்தி, உருளவிட்டு, அதே பனையடியில் ஒதுக்கினார். மணலில், போகும்போது சிந்திய குங்கிலியம் இறுகிக் கிடந்தது. பொனற்றில் கையை வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை பக்கத்தில் நின்றார்.

பொழுதுபட, அந்த ட்ரக்டர் வெறும் பெட்டியோடு திரும்பி வந்தது. ஓட்டியவன் இறங்கிக் கயிற்றை எடுத்தான். சிவப்பியின் முன்பக்கம் கட்டக் குனிந்தவன் மூக்கை உறிஞ்சினான்.

"என்னண்ணை, ஆரின்ரை வீட்டிலை பலகாரம் சுடினம்?"

"எங்கடை வீட்டிலைதான் தம்பி," என்றார் யாகோப்பு. "கயித்தை இறுக்கிக் கட்டு. மெள்ளமா இழு."