புல்வெளிக்கு ஆள் தேவை

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புல்வெளியில் ஒரு மரச்சட்டத்தைப் போட்டு, அதற்குள் எந்தச் செடி எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது அவள் வேலை. “சட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன் அத்தை” என்று ஒரு நாள் போனில் சொன்னதை மாமியார் வேறு மாதிரி புரிந்துகொண்டு, மருமகள் வக்கீலுக்குப் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அது ஆய்வகத்திலும் தெரிந்து, பெயர் ஒட்டிக்கொண்டது.

செடிகள் ஒரே மண்ணில் எப்படிக் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன, எது எதை நெருக்கித் தள்ளுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆய்வேட்டை எழுதிப் பேராசிரியரின் மேஜையில் வைத்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்; இன்னும் பிரிக்கவில்லை. கேட்டால், “இன்னும் ஒரு மழைக்காலம் எண்ணிட்டா வலுவா இருக்கும்மா” என்பார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தானே காரோட்டி டாக்டரிடம் கூட்டிப் போனவர். ஆனால் அந்தப் புல்வெளியில் முளையைப் பார்த்தே செடியைச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. அவள் போய்விட்டால் வேலை நின்றுவிடும்.

கணவர் வேறு ஊரில் வேலை கிடைத்து மகளோடு போயிருந்தார். மகள் இப்போதெல்லாம் போனில் “அம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஓடிவிடுகிறாள்.

ஒரு நாள் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். “ஆராய்ச்சி மாணவிக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க. நாளைக்கு ஒரு பொண்ணு வர்றா. நல்லாப் பேசிப் பிடிச்சுப் போட்டுடு. அவ புல்வெளியை எடுத்துக்கிட்டா, இந்த மாசமே நீ கிளம்பலாம்.”

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் அப்போதே டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் வந்த பெண் புது ஷூ போட்டிருந்தாள். வேலியைத் தாண்டி உள்ளே போனதுமே, ஷூவாவது ஒன்றாவது என்று ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, இது பட்டாணி இனந்தானே?”

“ஆமா. பக்கத்துல இருக்கிற புல்லுக்கும் சேர்த்து மண்ணுல சத்து சேர்க்கும்.”

“ஐயோ, என்ன அழகு!” என்றாள் பெண். இவள் நன்றாகச் செய்வாள் என்று வக்கீலுக்குத் தோன்றியது.

“சார் எப்படிக்கா?”

“நல்லவர்.”

“வேலை?”

“நல்ல வேலை.”

இரண்டும் உண்மை. அதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

“நீங்க எப்ப எழுதி முடிப்பீங்க?”

‘சீக்கிரம்’ என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. பெண் மண் ஒட்டிய கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எழுதி முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு.”

“அப்ப ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?”

“எண்ணுறதுக்கு வேற ஆள் கிடைக்கல.”

பெண் கொஞ்சம் யோசித்தாள். “நான் வந்தா உங்களை விட்டுடுவாரா?”

“அப்படித்தான் சொல்லியிருக்கார்.”

“அப்ப என்னை எப்ப விடுவார்?”



மதியம் அந்தப் பெண் பேராசிரியரிடம், எத்தனை வருடத்தில் முடித்துத் தருவீர்கள், எழுத்தில் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். “ஆராய்ச்சிக்கெல்லாம் கெடு வைக்க முடியுமாம்மா?” என்று அவர் சிரித்திருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தவள், நடைவழியில் வக்கீலைப் பார்த்து நின்றாள். “மன்னிச்சுக்குங்கக்கா” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

“அவகிட்ட என்ன சொன்னே?” என்று கேட்டார் பேராசிரியர்.

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன் சார்.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி விடு. மேகம் கூடுது. முளைக்கிறதுக்குள்ள வேலியை ஒரு தடவை பாத்துடு.”

அவள் நகரவில்லை. “சார், என் ஆய்வேட்டைப் படிச்சுட்டு நல்லா இல்லன்னு சொல்லுங்க, திருத்தறேன். படிக்காமலே வச்சிருந்தா நான் என்ன செய்யறது?”

“படிக்கிறேம்மா. அது எங்க ஓடிடப் போகுது?”

துறைத்தலைவரிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, “அவரைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு உனக்கு யாரும்மா வேலை குடுப்பாங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

கணவரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

“நான் பொய் சொல்லியிருக்கணுமா?”

“சொல்லியிருந்தா நீ இப்ப இங்க வந்துட்டிருப்பே” என்றார். பிறகு, “வேணாம். சொல்லாததே நல்லது. அப்புறம் உன்னால தூங்க முடியாது” என்றார். அவர் குரலில் இருந்த அலுப்பு அவளுக்குக் கேட்டது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அவள் சேற்றில் குந்தி எண்ணிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் தேடி வந்து, அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார்.

“முட்டி வலிக்குதாம்மா?”

“இல்ல சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முளையை மிதிக்கிறீங்க.”

அவர் பதறிப்போய் நகர்ந்தார். குடையும் அவரோடு நகர்ந்தது. அவள் நனைந்துகொண்டே தொடர்ந்து எண்ணினாள்.