அன்றைக்கு வராத கால்கள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மழையில் உப்பளம் முழுகிக் கிடந்ததால் சாலமனுக்கும் அவன் மனைவி சாலம்மாளுக்கும் மாதக்கணக்கில் வேலை இல்லை. மகள் வினோதினியை வீட்டில் தூங்கவிட்டு, மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார்கள். சாலம்மாள் கரையில் இறங்கி மீன்காரியிடம் பேரம் பேசினாள். அவன் மணல்மேட்டில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

கடல் சுவர்போல எழுந்து வந்தது. புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சாலம்மாள் மணலில் தடுக்கி விழுந்தாள். "என்னாங்க! என்னாங்க!" என்று கையை நீட்டினாள். முப்பது அடிதான் இருக்கும். சாலமனின் வாய் உலர்ந்தது. காது அடைத்தது. ஹேண்டிலைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை, கால்கள் அசையவில்லை. தொடை வழியாகச் சிறுநீர் இறங்கியது மட்டும் தெரிந்தது. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேட்டில் நின்ற அவனுக்கு இடுப்பளவுதான் வந்தது.

மறுநாள் உடல் கிடைத்தது. கல்லறையில் அவன் அழவில்லை.

வியாழக்கிழமை பகலில் தெருவில் யாரோ கத்தினார்கள்.

"திரும்பவும் தண்ணி வருது, ஓடுங்க!"

நிதானத்துக்கு வந்தபோது அவன் கடலைவிட்டு வெகுதூரம் தள்ளி, பிரம்மதேசம் ரோட்டில் இருந்தான். தோளில் வினோதினி. செருப்பில்லாத உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. வலிக்கவே இல்லை. நெஞ்சு மட்டும் தடதடவென்று அடித்தது.

"எல்லாரையும் முந்திட்டப்பா நீ" என்றாள் வினோதினி.

அதைக் கேட்டதும் உடைந்துபோனான். ரோட்டிலேயே உட்கார்ந்து தொடையில் அறைந்துகொண்டான். "இன்னைக்கு ஓடுதே! அன்னைக்கு எங்கடா போச்சி இந்தக் காலு?"

காயத்துக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ் சரஸ்வதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, பயத்துல உடம்பு ஒருதபா மரத்துப்போவும், ஒருதபா ஓடும். அது நம்ம பேச்சக் கேக்காது."

அவன் தலையாட்டினான். அவள் போனபிறகு மகளிடம் சொன்னான்.

"அம்மா என்னைக் கூப்ட்டாம்மா. நான் போவல. கால் வரல."

"எத்தினி தபா கூப்ட்டாங்க?"

"ரெண்டு தபா."

வினோதினி எழுந்து போய் ரோட்டோரப் புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ஜீப் வந்தது. அலை எதுவும் வரவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மைக்கில் சொன்னார்கள். சாலமன் நொண்டி நொண்டி நடந்தான். வினோதினி பத்தடி முன்னால் போனாள். ஒருமுறைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் பின்தங்கியபோதெல்லாம் நின்றாள்.