பொய் டிக்குகள்

செஸ் விளையாடினால் மூளை வளரும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அதைச் சொல்லியேதான் நான் அப்பாவின் ஆறு மாதத்தைப் பாழாக்கினேன்.

பக்கவாதம் வந்ததில் அப்பாவின் வலது கையும் பேச்சும் போயின. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தால் "த... த..." என்பதோடு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு கட்டு பட அட்டைகளும் ஒரு நோட்டும் தந்தார். தினமும் ஒரு மணி நேரம் படத்தைக் காட்டிப் பேர் சொல்ல வைக்க வேண்டும், முடித்ததும் நோட்டில் டிக் போட வேண்டும். முதல் ஆறு மாதம் ரொம்ப முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்த வேலை என் தலையில் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா முன்னால் உட்காருவேன். நாலு நாள் ஒழுங்காக நடந்தது. டம்ளர் படத்தைக் காட்டினால் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும். லேத் பட்டறையில் நாற்பது பேரைக் கட்டி மேய்த்த மனுஷன் அவர். ஐந்தாம் நாள் அவரே இடது கையால் அட்டைகளைத் தள்ளிவிட்டு, அலமாரி மேலிருந்த செஸ் பலகையைக் காட்டினார்.

அரை மணியில் என் ராஜாவை மூலையில் முடக்கிவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூளை இவ்வளவு கூர்மையாக இருக்கும்போது பேச்சு தானாக வந்துவிடாதா என்று நானே டாக்டராகிவிட்டேன். இதுவும் மூளைக்குப் பயிற்சிதானே? நோட்டில் டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன். அட்டை காட்டுவது எனக்கு அலுப்பு, செஸ் என்றால் பைத்தியம், விஷயம் அவ்வளவுதான். அப்பாவுக்காக ஆடினேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆறு மாதம் முடிந்து போன வாரம் அப்பா, அம்மா, நான் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேடம் அப்பாவுக்குப் பத்து படம் காட்டினார். ஒன்றும் வரவில்லை. பிறகு நோட்டைப் புரட்டினார்.

"ஒரு நாள்கூட விடாம செஞ்சிருக்கீங்க. இவ்வளவு செஞ்சும் ஒரு வார்த்தை வரலைன்னா, இனிமே பயிற்சியால பிரயோஜனம் இருக்கும்னு தோணலை. நிறுத்திடலாமா?"

அம்மா மெல்லத் தலையாட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும், அப்பாவின் பேச்சு அதோடு போகும்.

"மேடம், அந்த டிக்கெல்லாம் பொய். மொத்தம் நாலு நாள்தான் செஞ்சோம். மத்த நாளெல்லாம் செஸ் விளையாடினோம்."

அவர் நோட்டை மூடி வைத்தார். "செஸ் நல்லதுதான் சார். ஆனா அதுக்கு வாயைத் திறக்கவே வேண்டாமே."

இன்னும் மூன்று மாதம் எழுதிக் கொடுத்தார். போன மாதங்களில் வந்திருக்கக்கூடிய அளவுக்கு இப்போது வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அம்மா சொன்னாள்.

"தினமும் அந்தக் கதவுக்கு வெளியிலதான்டா உக்காந்திருப்பேன். மிக்ஸிகூட போட மாட்டேன். ஒரு சத்தமும் கேக்காது. கூச்சப்பட்டுக்கிட்டு மெதுவா சொல்லிப் பழகுறார் போலன்னு நெனச்சுக்குவேன்."

"என்னைத் திட்டிடும்மா."

"திட்டி என்னடா ஆகப் போகுது?" என்று உள்ளே போய்விட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் நான் அட்டைகளோடு உட்கார்ந்தபோது அம்மாவும் வந்து அப்பா எதிரில் உட்கார்ந்தாள். டம்ளர், நாற்காலி, பூட்டு எல்லாம் காட்டினேன். "த... த..." என்றார். அம்மா என் கையிலிருந்த அட்டைகளை வாங்கிக் கீழே வைத்தாள். தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இது யாருங்க? சொல்லுங்க பார்ப்போம்."

அப்பாவின் உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அவசரமில்லைங்க, மெதுவா சொல்லுங்க," என்றாள் அம்மா. நான் இருவரையும் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.