ஆறு கடலில் சேரும் வரை

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு சலவைக்கூடத்துக் கதை சொல்கிறேன். அங்கே துணி தேய்க்கும் அக்காவுக்கு, ஓர் ஆறு மலையில் பிறந்து கடலில் சேர்வதைப் பெரிய இசைக்குழு இசையாகவே வாசித்துக் காட்டும் டேப் என்றால் உயிர். தொடக்கத்தில் ஒரே ஒரு புல்லாங்குழல் ஊற்றுப்போல் முணுமுணுக்கும். அது காதில் விழவேண்டும் என்று தினமும் மதியம் எல்லாரும் மெஷின்களை நிறுத்திவிடுவார்கள்.

அன்று புது மேற்பார்வையாளர் அம்மா புயலாக நுழைந்தார். "மெஷினை யாரு நிறுத்தினது?"

டேப் பறிபோகுமோ என்று பயந்தபடியே அக்கா சொன்னார்: "நான்தாம்மா. ஆறு இப்பதான் பொறக்குது. பன்னிரண்டே நிமிஷம்."

அந்த அம்மா டேப்பை நோக்கிக் கை நீட்டினார். சத்தத்தைக் கூட்டினார்! வயலின்கள் பெருகிவர, துணிமூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் மெஷினை ஓட்டப்போன ஒரு தொழிலாளியை அதட்டினார்: "உனக்கென்னய்யா அவசரம்? இன்னும் கடல் வரலையே!"

உங்கள் வீட்டிலும் சந்தோஷம் இப்படியே வற்றாமல் ஓடட்டும்.