அட்டை மாப்பிள்ளைக்கு ஒரு ‘ம்’

பெட்டி தூக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்க, செத்துப்போனவரின் ஒரே மகள் த்ரீவீலில் ஏறிப் பதுளை டவுனுக்குப் போவதை ஹாலிஎலப் பாதையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்த பையன்கள் கயிற்றைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். சிவசக்தி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் அம்மாவின் கேசட்டுகள் கடகடத்தன.

போன் அடித்தது. இராமையா மாமா. அம்மாவின் அண்ணன்.

“எங்க இருக்க புள்ள?”

“டவுனுக்குக் கிட்ட வந்துட்டேன் மாமா.”

“மக இல்லாம வாய்க்கரிசி யாரு போடுறது? சனமெல்லாம் என்னையத்தான் கேக்குது. மழ வேற இருட்டிக்கிட்டு வருது.”

“ஓடி வந்துருவேன் மாமா.”

“அப்புடி என்னா டவுன்ல தலபோற வேல?”

அவள் போனை மடியில் வைத்தாள். காலையில் ஒப்பாரிக்கு நடுவே ஒருத்தி, “டீச்சரு கொரலு காதுக்குள்ளயே நிக்குதே” என்று அழுதாள். சிவசக்தி தன் காதுக்குள் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. அம்மாவின் முகம் வந்தது, கைவிரல்கள் வந்தன, சுண்ணாம்புக்கட்டி வாசம்கூட வந்தது. குரல் வரவில்லை. அப்போது தொடங்கிய பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

கலாராணி டீச்சர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். சிறுவர்களுக்குக் கதைப் புத்தகங்கள் எழுதியவர். அவற்றில் வந்த நரியும் பன்றியும் பூதமும் ஊவாவின் தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கெல்லாம் ஏறி இறங்கி அவர் அந்தக் கதைகளைச் சேகரித்தார். பிறகு தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. சிலேட்டில் எழுதித்தான் பேசினார். போனில் குரலை அனுப்பும் பழக்கம் வந்தபோது, அனுப்ப அவரிடம் குரல் இல்லை.

மலைநாட்டு ஈரத்தில் கேசட் நாடாவுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அது ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு ஒட்டவைத்துவிடும். அப்படியே சுழல விட்டால் நாடா அறுந்துபோகும். காலையில் சிவசக்தி பழைய ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டதும் அதுதான் நடந்தது. அதன்பிறகே, எப்போதோ பிள்ளைகளுக்கான கதைச் சீடி போடுவதற்காக ஜெஸீம் நானா கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார் என்பது அவள் நினைவுக்கு வந்தது.

பஜாரில் அவருடைய வீடியோ கடை திறந்திருந்தது.

“வா தங்கச்சி. டீச்சர்ட செய்தி கேட்டு மிச்சம் கவல. கடயப் பூட்டிட்டு வரத்தான் ஈந்த.”

“நானா, அம்மா கதை எடுத்த ரெக்கார்டிங் இருக்கா? எனக்கு அம்மா கொரலக் கேக்கணும்.”

“ஈக்காம? இந்தா.”

ஸ்பீக்கரில் தெளிவாக ஒரு பெண் குரல் எழுந்தது. கொழுந்து பறித்த அங்கம்மாவின் குரல். கதை நிற்காமல் ஓடியது. சிவசக்தி காத்திருந்தாள்.

“அம்மா எங்க?”

ஜெஸீமின் கை மவுஸின் மேல் நின்றது.

“டீச்சர் எங்க பேசின? ‘ம்’ மட்டும்தானே சென்ன? இடைக்கிட ‘ம்’, ‘ம்’ண்டு வந்தா புள்ளைகளுக்கு டிஸ்டப்பா ஈக்கிமேண்டு, கஷ்டப்பட்டு ஒண்டொண்டா நான்தான் வெட்டி எடுத்த.”

தோட்டத்தில் கதை சொல்கிறவர் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சொல்லமாட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கேட்கிறவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். கதையும் அங்கேயே நின்றுவிடும். ஒரே எழுத்துதான், ஆனால் அதற்குள் பல வேலை. சந்தேகம் என்றால் அது மேலே ஏறும். பயம் என்றால் மூச்சோடு உள்ளே போகும். நம்பவில்லை என்றால் இழுபடும். அது விழுகிற விதத்தைப் பார்த்துத்தான் பேயைப் பெரிதாக்குவதா, கல்யாணச் சாப்பாட்டை நீட்டுவதா என்று சொல்கிறவர் முடிவுசெய்வார். அம்மா கதைகளைக் கறந்தது அந்த ‘ம்’மால்தான்.

“வீசிட்டீங்களா நானா?”

“நான் ஒண்டயும் வீசுறல்ல. என்ட கடயப் பாத்தாத் தெரியல்லயா?”

கடை முழுவதும் செத்துப்போன வீடியோ பெட்டிகள். அவர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து தேடினார். கம்ப்யூட்டர் யோசித்து யோசித்து நகர்ந்தது. சிவசக்தி வாசலுக்குப் போனாள், வானத்தைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“இந்தா. ரெண்டு வரி ஈக்கி பாரு.”

மேல் வரி முழுவதும் மலைமலையாக ஏறி இறங்கியது, அது கதை. கீழ் வரி வெறும் சமவெளி. நடுநடுவே சின்னச் சின்னப் புற்றுகள் மட்டும். கதையிலிருந்து பிரித்த ‘ம்’கள், விழுந்த இடத்திலேயே அப்படியே இருந்தன. ஜெஸீம் மேல் வரியின் சத்தத்தை மூடினார்.

“ம்.”

சிவசக்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மேல் வரியயும் சேக்கவா?”

“நேரமில்ல நானா. அம்மா மட்டும் போதும். போன்ல போட்டுத் தாங்க.”

அவள் வீடு சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கரிசி போட்டாள். வாசலில் தப்பு அடிப்பவர்கள் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். இராமையா பெட்டி மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி நின்றார்.

“சரி, மூடுவோம். தூக்குறவங்க வாங்கப்பா.”

“கொஞ்சம் பொறுங்க மாமா.”

போனை அம்மாவின் தலைமாட்டில் வைத்து அழுத்தினாள்.

“ம்.”

நீண்ட அமைதி. பிறகு, “ம்?”

சனங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“என்னா புள்ள இது? கேள்வியக் காணோம், பதிலு மட்டும் வருது” என்றார் இராமையா.

“இதான் மாமா அம்மா கொரலு.”

அவர் மூடியைச் சுவரில் சாய்த்தார். போனிலிருந்து அடக்க முடியாமல் மூக்கு வழியாகச் சிரிப்பு கசிந்த ஒரு ‘ம்’ வந்தது. பெண்களுக்கு நடுவிலிருந்து அங்கம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அடியாத்தே! இது எங் கதையில்ல? அந்த எடத்துலதான் டீச்சரு சிரிப்பாங்க. மொதல்ல இருந்து போடு பாப்பா.”

சிவசக்தி முதலிலிருந்து போட்டாள். அங்கம்மா சொல்லத் தொடங்கினாள்.

“அட்டை ஒண்ணு பொண்ணு பாக்கப் போச்சாம்.”

“ம்.”

“மாப்புள முறுக்குல நெஞ்ச நிமித்திக்கிட்டு போச்சாம். நெஞ்சு எதுன்னு அதுக்குத்தான் தெரியும்.”

“ம்?”

சில இடங்களில் ‘ம்’ முந்திக்கொண்டது. “இருங்க டீச்சர், வந்துட்டேன். வயசாயிருச்சில்ல” என்று அங்கம்மா வாக்கியத்தை விரட்டினாள். சில இடங்களில் அவள் முந்திப் போய், பெட்டியைப் பார்த்துக் காத்து நின்றாள்.

“பொண்ணு ஊட்டு வாசல்ல சொம்புல தண்ணி வச்சுக்கிட்டு நிக்கிறாங்களாம். மாப்புள, காலக் கழுவிட்டு உள்ள வாங்கன்னு.”

சிரிப்பு கசிந்த அந்த ‘ம்’ சரியாக அங்கே வந்து விழுந்தது. பின்னால் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எந்தப் பக்கம் காலு, எந்தப் பக்கம் தலையின்னு தெரியாம அட்டை முழிக்குதாம். வாசப்படியில அப்புடியே நிக்குதாம்...”

‘டக்’ என்று ஒரு சத்தம். கேசட்டின் அந்தப் பக்கம் அவ்வளவுதான். நாடா தீர்ந்ததும் பொத்தான் தானாக எழும்புகிற சத்தம். அதற்குமேல் போனில் ஒன்றும் இல்லை.

அங்கம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்க வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சிவசக்தி உதட்டைச் சேர்த்தாள். ‘ம்’ வெளியே வரவில்லை. தகரத்தில் மழை பலத்தது.

“ம்” என்றார் இராமையா.

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். அட்டை மெதுவாக வாசற்படியில் ஏறத் தொடங்கியது.