தச்சர் வாசலைத் தாண்டிய விதம்

மஞ்சள் காமாலை குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய தச்சர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மறுபடி மூன்றாம் வார்டுக்குள் நுழைந்தார். துணிப்பையோடு கட்டில்களைக் கடந்து, தாழ்வாரத்தில் நடந்து, வாசற்படியில் கால் வைத்து, திரும்பவும் வார்டுக்குள் வந்தார். வெளியே காத்திருந்த மனைவி, கண்ணெதிரே வந்தவர் காணாமல் போனதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய், அவர் பின்னாலேயே ஓடி, "ஏங்க, நில்லுங்க" என்று கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை. பிடித்து நிறுத்தப்போன ஊழியர்களையும் இழுத்துக்கொண்டே நடந்தார். சுற்றச் சுற்ற அவர் தலை நரைத்தது. மதியத்துக்குள் கன்னம் ஒட்டி, முதுகும் வளைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அதில் ஒவ்வொரு நோயாளியின் பதிவும் அடுத்த பதிவு எங்கே என்று காட்டும். தச்சரின் பதிவு பழுதாகி, அடுத்ததும் நானே என்று காட்டியது. அவரை வீட்டுக்கு அனுப்பும் வேலையை எடுத்த மென்பொருள் அதை நம்பிச் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி அவள் கொடுத்த கட்டளை எதையும் அது கேட்கவில்லை. அந்தச் சுற்றுக்குள் காது கொடுக்க வேண்டிவரும் என்று அதை எழுதியவர்கள் நினைக்கவே இல்லை.

"மெஷினையே அணைச்சிடும்மா," என்றார் டாக்டர்.

"அணைச்சா அவர் வாசலுக்கு எந்தப் பக்கம் இருப்பார்னு எனக்குத் தெரியல, டாக்டர். எந்தப் பக்கமும் இல்லாமப் போயிட்டா?"

அவள் மெஷினை அணைக்காமல், ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்குள்ளேயே புதிதாகச் சில வரிகளை நுழைத்தாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் நின்று, யாராவது கூப்பிட்டார்களா என்று கேள், கூப்பிட்டிருந்தால் விட்டுவிடு.

தச்சர் வாசற்படியில் நின்றார். திரும்பிப் பார்த்து, "என்ன, கூப்பிட்டியா?" என்றார்.

கத்திக் கத்தி மனைவிக்குக் குரலே போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். ஒரே ஒரு முறை நடந்துவந்ததாகத்தான் அவருக்கு நினைவு. பையைப் பிடித்திருந்த தன் சுருங்கிய கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய நகலிலிருந்து பதிவைச் சரிசெய்துவிட்டார்கள். வயதைச் சரிசெய்ய வழியில்லை. அதன்பின் பல வருடம் அவர் உட்கார்ந்தபடியே நாற்காலி செய்தார். தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள், "உங்க அப்பாவா?" என்று மனைவியிடம் கேட்பார்கள்.

"எங்க வீட்டுக்காரர்," என்பாள். "ஆஸ்பத்திரியில கொஞ்சம் லேட்டாயிடுச்சு."